பெங்களூரில் மிச்சமிருக்கும் அப்பா

வலது காலுக்குச் சாக்ஸை மாட்டிவிட்ட ஜெஸ்லின், ஜோடியில் மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்பாவுக்கு இடது பாதம் இல்லை. சர்க்கரை நோய் முற்றி, இரண்டு வருஷத்துக்கு முன் சேலத்தில் எடுத்துவிட்டார்கள். அம்மா ஆரோக்கியசெல்வி அதைத் துணியில் சுற்றி, ஜீப்பில் மடிமேல் வைத்துச் சொந்த ஊரான கொட்டச்சேட்டுக்குக் கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாள். இன்று அதை ஒட்டித்தான் குழி வெட்டியிருந்தார்கள்.

அப்பா ஜேசுதாஸ் முப்பது வருஷம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நேற்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த ஜெஸ்லினுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளோ யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவள்போல அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

போன் அடித்தது. பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து, கூட வேலை பார்க்கும் கவிப்பிரியா. துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். அப்பாவின் ரத்தத்திலிருந்து செல் எடுத்து ஜெஸ்லினே வளர்த்த குட்டிக் கணையங்கள் அங்கே தட்டில் இருந்தன. ஆர்கனாய்டு என்பார்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. சர்க்கரை ஏறும்போது அவை ஏன் இன்சுலின் சுரக்காமல் சோம்பிக் கிடக்கின்றன என்பதுதான் மூன்று வருஷ ஆராய்ச்சி. தனக்குப் பிறகு மனைவி சொல்கிறபடி செய்யலாம் என்று அப்பா படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்றும் நாள். வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா?

அம்மாவைக் கேட்காமலே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை. கவிப்பிரியாவை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சவப்பெட்டியருகே அம்மா பக்கத்தில் குந்தித் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப அவுரு இன்னும் அங்க உசுரோட இருக்காரா?”

“அவுரு இல்லீங்கம்மா. அவுரோட செல்லு.”

அம்மா பெட்டியையே பார்த்தாள். “காலைக் கொண்டாந்து வெச்சது எதுக்கு? ஆண்டவரு எழுப்புற நாள்ல முழுசா எந்திரிக்கோணும்னுதான. அதையும் கொண்டாந்துரு கண்ணு.”

கொண்டுவர முடியாது, வழியிலேயே செத்துவிடும். அழிப்பதென்றால் பத்து நிமிஷ வேலை. அதோடு அப்பா அடியோடு இல்லாமல் போவார். அதை நினைத்தபோதுதான் ஜெஸ்லினுக்குப் பயமாக இருந்தது. சாவுச் செய்தி வந்தபோதுகூட அப்படி இல்லை. ஆனாலும் கெஞ்சவில்லை. கொண்டுவர வழியில்லை, வேண்டாமென்றால் அழிக்கச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மூடியும் ஆணியுமாக இரண்டு பேர் காத்து நின்றார்கள்.

“என்ன திங்கும் அது?” என்றாள் அம்மா.

“தண்ணியாட்டம் ஒண்ணு ஊத்துவோம். அதுல சக்கரை இருக்கும்.”

“சக்கரையா?”

“ஆமாங்கம்மா. இன்னைக்கு நொம்பவே போடுவாங்க, என்ன பண்ணுதுன்னு பாக்க.”

பதினாறு வருஷமாக அவர் காப்பியில் ஒரு துளி சர்க்கரைக்கு இடங்கொடுக்காத மனுஷி. கிறிஸ்துமஸ் கேக்கைக்கூடப் பீரோவில் வைத்துப் பூட்டியவள். அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

“போடச் சொல்லு,” என்றாள். பிறகு நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஆணி அடிக்கிற சத்தத்தில் கவிப்பிரியாவுக்கு முதல்முறை காதில் விழவில்லை. ஜெஸ்லின் இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.