மாஜி மாப்பிள்ளையின் பாஸ்வேர்டு

கமாவின் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்பதை அவளைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூடியின் கீல் ஒரு பக்கம் உடைந்து டேப் சுற்றியிருந்தது. பேட்டரி செத்துப்போனதால் கட்டிப்போட்ட மாடு மாதிரி எப்போதும் சுவரோரமே கிடந்தது. உள்ளே விசிறி ஓட ஆரம்பித்தால், மாவு மெஷின் வாங்கியிருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

அவள் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரு காற்புள்ளிக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள் என்பதால் ஸ்டுடியோவில் வைத்த பெயர் கமா. அந்த ஸ்டுடியோதான் இப்போது கையை விரித்துவிட்டது. “பழைய சிஸ்டத்துல எங்க புது சாஃப்ட்வேர் ஓடாது. திங்கட்கிழமைக்குள்ள அப்கிரேடு பண்ணிடுங்க. இல்லேன்னா அடுத்த படம் வேற ஆளுக்குப் போயிடும்.”

சனிக்கிழமை காலையில் கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு அப்கிரேடைத் தொடங்கினாள். திரையில் ஒரு கட்டம் வந்து அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. கட்டத்தின் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளுடைய முன்னாள் கணவன் சிரித்தான்.

கல்யாணமான புதிதில் லேப்டாப்பை அமைத்தவன் அவன்தான். தன்னை அட்மின் என்றும் அவளை வெறும் யூசர் என்றும் போட்டுக்கொண்டான். குடும்பமும் அப்படித்தான் நடந்தது என்பாள் அம்மா. பிரியும்போது அவன் ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டான், அவள் லேப்டாப்பை. பாஸ்வேர்டைப் பிரிக்க வேண்டும் என்று வக்கீலுக்குக்கூடத் தோன்றவில்லை.

போன் செய்தாள். “லேப்டாப் அட்மின் பாஸ்வேர்டு என்ன?”

அவன் இழுத்தான். “அது... போன்ல சொல்ற மாதிரி இல்ல.”

“ஏன், கெட்ட வார்த்தையா?”

“கெட்ட வார்த்தைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நானே வந்து போட்டுத் தரேன்.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். சீருடையும் கருவிப் பையுமாக வந்து நின்றான்.

“வாங்க மாப்ளே” என்றாள் அம்மா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மாப்ளே இல்லம்மா இப்ப.”

“வாய்ப் பழக்கம்டி. சனியன், போகமாட்டேங்குது.”

சனியன் என்றது பழக்கத்தையா ஆளையா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. பரீட்சையில் விடைத்தாளை மறைக்கிறவன் மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தான். அடுத்த நொடியே, இடம் போதாது என்றது லேப்டாப். தேடிப் பார்த்தால் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவை அவனுடைய வீடியோக்கள். லிஃப்ட் கிணற்றுக்குள் நின்றுகொண்டு அவனே பாடி அவனே எடுத்தவை.

“அங்க எக்கோ நல்லா வரும்” என்றான்.

கமா ஒன்றை ஓட்டினாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “இதைக் கேட்டா லிஃப்ட்டு பட்டனே அமுக்காம கீழ ஓடிவந்திருக்குமே!”

எல்லாவற்றையும் அழித்தார்கள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. மறுபடி முதுகைக் காட்டிப் பாஸ்வேர்டு போட்டான். விசிறி அலற, அப்கிரேடு ஆமை மாதிரி ஊர்ந்தது. மூன்று பேரும் அந்தச் சிறிய அறையில் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். அப்போது அவனுக்கு அழைப்பு வந்தது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே பாஸ்வேர்டு கேக்காது. தானா முடிஞ்சிடும்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் தெரு முனை திரும்பியிருக்கமாட்டான். லேப்டாப் அணைந்து எழுந்து பாஸ்வேர்டு கேட்டது.

கமா அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. “என் போன்லேருந்து போடு. உன் நம்பர்னா யோசிப்பான், என் நம்பர்னா பயந்துக்கிட்டாவது எடுப்பான்” என்றாள் அம்மா. அம்மாவின் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நான்தான். திரும்பக் கேக்குது. இப்பவாவது சொல்லு.”

“அத்தை பக்கத்துல இருக்காங்களா?”

கமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேகவேகமாகத் தலையாட்டி ‘இல்லை’ என்று சொல்லச் சொன்னாள்.

“இல்ல.”

அவன் குரல் தாழ்ந்தது. “மாமியார் ஒரு மலைப்பாம்பு. இங்கிலீஷ் எழுத்துல, இடம் விடாம.”

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“மாப்ளே, பாம்புக்கு ஒரு ஏ-வா, ரெண்டு ஏ-வா?”

அந்தப் பக்கம் எங்கிருந்தோ ஒருவர், “ஐயா, முதல்ல கதவைத் தொறங்கய்யா!” என்று கத்துவது மட்டும் கேட்டது.

“ரெண்டு ஏ, அத்தை.”

தட்டினாள். திறந்துகொண்டது. “தினமும் காலையில என்னைக் கும்பிட்டுத்தான் மெஷினைத் தொறந்திருக்கான். சாமிக்குக்கூட இவ்வளவு பக்தி கிடைச்சிருக்காது” என்றாள் அம்மா.

கமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. போனில் அவனும் சிரித்தான், முதலில் பயந்து பயந்து, பிறகு வாய்விட்டு. பிரிந்த பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, இவனோடு ஏன் சண்டை போட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது, ஏன் கட்டிக்கொண்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவன் வந்து வாசலிலேயே நின்றான். லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுத்தாயிற்றாம், ஒருத்தர் மட்டும் அவனைத் திட்டிக்கொண்டே படியில் இறங்கிப் போனாராம். அம்மா உள்ளேயிருந்து, “நின்னா கொசுதான் வருது. உள்ள வந்து கதவைச் சாத்து” என்றாள்.

அப்கிரேடு முடிந்திருந்தது. ஸ்டுடியோவின் சாஃப்ட்வேரும் ஓடியது. கமா தன்னை அட்மின் ஆக்கச் சொன்னாள். ஆக்கினான். அவன் கணக்கை எடுத்துவிடச் சொன்னாள். கறுப்புக் கண்ணாடிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எடுத்தான்.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவனிடம் கமா சொன்னாள்: “இரு. புது சிஸ்டத்துல பிரின்டர் தெரிய மாட்டேங்குது.”

அவன் பையை இறக்கி வைத்தான்.