அமைதி விருதுக்கு ஒரு சண்டை

எங்கள் அமைதி மற்றும் நீதி ஆய்வுத் துறையில் இரண்டே பேராசிரியர்கள். அமைதியைப் பாடமாக நடத்துகிறவர் வாயைத் திறந்தால் மூன்றாவது மாடிப் புறாக்கள் குடும்பத்தோடு இடம்பெயரும். நீதியை நடத்துகிற அம்மையார், யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவனையும் சேர்த்து வெளியே அனுப்புவார். அமைதி சார், நீதி மேடம் என்றே எல்லோரும் சொல்வோம்.

இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருடம். காரணம், ஒரு ஜன்னல். சாருக்கு அது திறந்திருக்க வேண்டும், மேடத்துக்கு மூடியிருக்க வேண்டும். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் பேச்சு அலுவலகக் கண்காணிப்பாளரான என் வழியாகத்தான் போகும். "அவங்ககிட்ட சொல்லுங்க" என்பார் சார். "கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்பார் மேடம். நான் ஓய்வு பெற்ற அன்று இரண்டு பேரும் கண்ணீர் விட்டார்கள். பாசம் என்று நினைத்து ஏமாந்தேன். இவர்கள் இருவர் மட்டுமே இருக்கிற விருதுக் குழு கூடும் நாளில் மட்டும் இன்றும் என்னை வீட்டிலிருந்து வரவழைக்கிறார்கள்.

மாணவர்களுக்கான அந்த விருதை நிறுவியவர் ஒரு பூட்டுக் கம்பெனி முதலாளி. கூடப்பிறந்தவர்களோடு இருபத்திரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர், ஆகவே மனுஷ சுபாவம் தெரிந்தவர். குழு ஒருமனதாக முடிவெடுத்து, தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும்; வராவிட்டால் துறையில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்கே விருது என்று எழுதி வைத்துவிட்டார். மூன்று வருடமாக ஒருமனதும் வரவில்லை, தாளும் போகவில்லை. அதனால் குழுவுக்குத் தலைவர் யார் என்ற கேள்விகூட எழவில்லை.

இந்த வருடம் முதல் மதிப்பெண் ஒரு பெண்ணுக்கு. விருது கிடைத்தால் ஆய்வை முடிப்பாள். கிடைக்காவிட்டால் அக்கா வீட்டுக்காரருடைய கூரியர் ஆபீசில் பார்சலுக்கு முத்திரை குத்த வேண்டும். அந்த மாமா நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

"அங்கிள், இந்தத் தடவையும் சண்டை போடுவாங்கல்ல?" என்றாள் நேர்காணலுக்கு முன்னால்.

"சூரியன் கிழக்க உதிக்குமான்னு கேளும்மா" என்றேன்.

உள்ளே போனோம். அவள் அதுவரை எழுதியிருந்த ஆய்வுப் பிரதியை அன்றைக்குத்தான் இருவரும் முதல் முறையாகக் கையில் எடுத்தார்கள்.

"தலைப்பு என்னன்னு அந்தப் பொண்ணக் கேளுங்க" என்று என்னிடம் சொன்னார் சார்.

"'பேசாமல் இயங்கும் ஓர் அலுவலகம்', சார்."

"எந்த அலுவலகமாம்?"

அவள் மேசையைக் காட்டினாள். "இதுதான் சார்."

மேடம் பக்கத்தைப் புரட்டினார். "ஜன்னல் சம்பந்தமா மட்டும் ரெண்டரை லட்சம் தூதா? இந்தக் கணக்க யாரு குடுத்தது?"

"பேர் சொல்ல விரும்பாத ஓய்வுபெற்ற ஊழியர் ஒருத்தர், மேடம்."

நான் மின்விசிறியின் சுழற்சியை ஆழ்ந்து கவனித்தேன்.

அப்போதுதான் அந்த விபரீதம். சார் என்னைத் தாண்டி நேராக மேடத்தைப் பார்த்தார். "நம்மளப் பத்தியா எழுதியிருக்கா?"

"நம்மளப் பத்தியேதான் சார்! உங்கள வறட்டுப் பிடிவாதம்னு போட்டிருக்கா!"

"உங்கள மட்டும் விட்டாளா? எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!"

ஒன்பது வருடப் பனிமலை ஒரு நொடியில் உருகி, என் பிழைப்பை அடித்துக்கொண்டு போனது. பெண்ணை வெளியே அனுப்பினார்கள். அவளுக்கு மட்டும் கூடாது என்பதில் ஒருமனது. "உங்க ஸ்டூடண்டுக்கே குடுத்துடலாம் மேடம்." "சேச்சே, உங்க பையனுக்கே இருக்கட்டும் சார்." சாருடைய மாணவன் என்று முடிவாயிற்று. ஜன்னலைக்கூடப் பாதி திறந்து வைத்தார்கள்.

நாலே முக்கால். படிவம் எடுக்க வெளியே வந்தேன்.

"பேசிக்கிட்டாங்களா?" என்றாள் பெண்.

"தேனும் பாலும் தோத்துச்சு."

"போச்சு. ரெண்டரை லட்சம்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஒரு ரெண்டாயிரம் இருக்கும்மா. பேச்சு சுவாரசியத்துல வந்துடுச்சு."

அவள் நோட்டைத் திறந்து அந்த எண்ணை அடித்துத் திருத்தினாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

உள்ளே போய்ப் படிவத்தை மேசையின் நட்டநடுவில், இரண்டு பேருக்கும் சமதூரத்தில் வைத்தேன். "தலைவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. தலைவர் யாருங்க?"

சார் பேனாவை எடுத்தார். "சீனியர் நான்தானே."

"பதினோரு நாள் முன்னால சேந்தா சீனியரா?"

"இந்தச் சின்ன விஷயத்துல விட்டுக்குடுக்கக்கூடாதா மேடம்?"

"அமைதியா ஒதுங்குறது உங்க பாடம் சார், என்னுது இல்ல."

"இதான் நீங்க நடத்துற நீதியா?"

மேடம் எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். "அவர்கிட்ட சொல்லுங்க..." என்று மேடம் என் பக்கம் திரும்பியபோது என் காதில் நாதஸ்வரம் ஒலித்தது. ஒவ்வொரு தூதையும் நிறுத்தி நிதானமாக, உரிய அலங்காரத்தோடு கொண்டு சேர்த்தேன். கடைசித் தூது போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டி ஆறு நிமிடம்.

தாழ்வாரத்தில் விஷயத்தைச் சொன்னதும் பெண் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, "அந்த நாற்காலிய மாமாவையே உக்காந்துக்கச் சொல்லு" என்றாள்.

ஒரு கதவு வழியாக சார் வந்தார். "நான் இல்லேன்னா இந்த விருது இல்லன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க." அடுத்த கதவு வழியாக மேடம். "கடைசி வரைக்கும் போராடினது யாருன்னு அவளுக்குப் புரியும்படி சொல்லுங்க."

சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் மடியில் நோட்டு விரிந்திருந்தது.

"இருங்க அங்கிள், ஒவ்வொண்ணா. மொதல்ல சொன்னது யாரு?"