மணலில் வைத்த கூடைகள்

போன உள்ளாட்சித் தேர்தலை நினைத்தால் மீனாட்சிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். கோவளத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் மட்டும் முந்நூறு ஓட்டு. மீனாட்சி, தமிழரசி, பூவாயி என்று மீன் விற்கிற மூன்று பேர் நின்றார்கள். மூவரும் கேட்டது ஒன்றைத்தான்: ரோட்டோரம் வெயிலில் காயாமல் மீன் விற்க ஒரு கொட்டகை. ஓட்டு மூன்றாய்ச் சிதறியது. மனை விற்கிறவர் ஒருவர் வெறும் நூற்றுமுப்பது ஓட்டில் வார்டு மெம்பராகிவிட்டார். அப்புறம் கொட்டகையாவது மண்ணாங்கட்டியாவது.

இந்தத் தடவை மீனாட்சியே வழி சொன்னாள். "மூணு பேரும் நின்னா மறுபடியும் அந்தாளுதான். நமக்குள்ள ஒருத்திய நிறுத்துவோம்."

கரையில் மீன் ஏலத்துக்குக் காத்திருக்கிறவள் கூடையை வரிசையில் வைத்தால் அவளே நிற்கிற மாதிரி. யாரும் அதைத் தொடமாட்டார்கள். இப்போது அந்தக் கூடையே ஓட்டு. மூவரில் தனக்குப் பிடித்தவள் பின்னால் அதை வைக்கவேண்டும். ஆகக் குறைவாக வாங்கியவள் விலக, அவள் பின்னால் இருந்தவர்கள் அடுத்துப் பிடித்தவளிடம் கூடையை மாற்றவேண்டும். இதுவும் மீனாட்சியின் யோசனைதான்.

காலையில் எண்ணினார்கள். மீனாட்சிக்கு நாற்பது, தமிழரசிக்கு முப்பத்தைந்து, பூவாயிக்கு இருபது. மீனாட்சிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பூவாயி சிரித்துக்கொண்டே தன் கூடையைத் தூக்கித் தமிழரசி பின்னால் வைத்தாள். இன்னும் பதினாறு கூடைகள் அங்கேயே போயின. மீனாட்சியிடம் வந்தது மூன்றே மூன்று.

"கோச்சுக்காதக்கா," என்றாள் தமிழரசி பக்கம் கூடையைக் கொண்டுபோன வேண்டா என்பவள். "நீ பேசினா நாங்க கேட்டுகினு இருக்கணும். அவகிட்டன்னா நாங்களும் பேசலாம்."

மீனாட்சிக்கு நாற்பத்துமூன்று, தமிழரசிக்கு ஐம்பத்திரண்டு.

நாத்தனார் ஞானம்பாள் காதருகே வந்தாள். "இன்னா அண்ணி இது? மொத எண்ணிக்கையில நீதான ஜாஸ்தி. அதோட முடிஞ்சிச்சுன்னு சொல்லு. உன்ன எதிர்த்து யாரு பேசப்போறா?"

யாரும் பேசமாட்டார்கள்தான். அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தாளும் ஜாஸ்தி வாங்கித்தான்டி மெம்பர் ஆனாரு," என்றாள் மீனாட்சி.

தன் கூடையை எடுத்துப்போய்த் தமிழரசி வரிசையின் கடைசியில் வைத்தாள். கண் கலங்கியது தெரியாமலிருக்கக் கடல் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால், மீதி நாற்பத்திரண்டு கூடைகளும் மணலில் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன.