நின்ற பின்னும் ஓடும் நெஞ்சு

மூன்று பெருஞ்சாலைகள் ஒன்றையொன்று முட்டி, எது எதற்கு வழிவிடுவது என்னும் வழக்குத் தீராமலேயே பிரிந்து செல்லும் ஒரு முச்சந்தியின்மேல், பிற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. எண்ணெய் பூசிய கல்லென மின்னிய அதன் வளைவில், ஊர்திகள் தத்தம் விளக்கொளியைத் தலைகீழாய் இழுத்துக்கொண்டு விரைந்தன. கடைக்காரர்கள் மேற்கட்டித் துணியைக் கோலால் குத்தி, தேங்கிய நீரை வழிப்போக்கர் தலையில் வள்ளன்மையோடு வழங்கினர். அறிவுசால் படிப்பாளரே, அச்சந்தியை நோக்கிய மாடிவீட்டின் சாளரத்தருகே, தட்டச்சுப்பொறியின்முன் விரலசையாது ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். முறைமன்றத்தில் முப்பதாண்டு பிறர் வாக்குமூலங்களைப் பிழையின்றி அடித்துக் கொடுத்தவள், தன் வாக்குமூலத்துக்கு முதற்சொல் கிடையாமல் திகைத்திருக்கிறாள்.

அவள் கணவரை ஊரார் நாவேந்தர் என்பர். பட்டமளித்த கழகங்கள் மூன்று. அவற்றுள் இரண்டுக்கு அவரே தலைவர். ஒரு குவளை வெந்நீர் வேண்டினும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என வகுத்துக்கொண்டே வேண்டுவார். முடிவுரை வருமுன் நீர் வந்து ஆறியும் போகும். அத்தகைய வேந்தரின் நெஞ்சாங்குலை ஒருநாள் தன் ஆட்சியைக் கைவிட்டது. பதினொரு திங்கள், கட்டிய பை வாயிலருகே காத்திருக்க, மாற்று நெஞ்சாங்குலைக்காக அவரும் காத்திருந்தார். பின்பு ஒரு மழைமாலையில் தொலைபேசி ஒலித்தது. பெயரறியா ஒரு வீட்டார், தம் கண்ணீரின் நடுவே தலையசைத்துத் தந்த நெஞ்சாங்குலையை மருத்துவர் அவர் மார்பினுள் பொருத்தினர்.

எட்டுத் திங்கள் கழிந்தன. புண் ஆறிற்று, குரல் தேறிற்று, ஊருக்கு அஃது உவகையோ அன்றோ, நாமறியோம். ஆயினும் மனையாட்டியின் துயில் மட்டும் தேறவில்லை. அவர் இருபத்தொரு படிகளும் ஏறிவந்து நாற்காலியில் சாய்ந்து, மூச்சிரைப்பும் அடங்கிய பின்னரும், அந்நெஞ்சு மட்டும் அடங்காது ஓடிக்கொண்டேயிருக்கும்.

"நரம்புத் தொடர்பை வெட்டித்தானம்மா வெச்சிருக்கோம். ஏறுறதும் அதுக்கு மெதுவாத்தான் தெரியும், நின்னதும் மெதுவாத்தான் தெரியும். பயப்படாதீங்க" என்றார் மருத்துவர்.

அவள் அஞ்சியது அதற்கன்று. காதை அம்மார்பில் வைக்குந்தோறும், தாம் நின்றுபோன செய்தி தமக்கே இன்னும் எட்டாத எவரோ ஒருவர், நனைந்த தெருவில் தம் வீடு நோக்கி ஓடிக்கொண்டிருப்பதாகவே அவளுக்குக் கேட்டது. அவ்வோட்டத்திற்கு ஒரு பழைய பொருளும் இருந்தது. காத்திருந்த அப்பதினொரு திங்களில், வானம் இருண்டபோதெல்லாம் அவள் இச்சாளரத்தில் வந்து நின்று, வழுக்கும் அவ்வளைவையே பார்த்திருந்தாள். அங்கே ஒருவர் வீழ்ந்தால் இங்கே ஒருவர் பிழைப்பார்; அதை வேண்டினாள் என்று சொல்ல நாக் கூசும். வேண்டவில்லை என்றாலோ பொய்யாகும். கொடுத்தவர் எங்ஙனம் இறந்தார் என எவரும் சொல்லவில்லை; அவளும் கேட்கத் துணியவில்லை.

இந்நிலையில், கொடுத்த வீட்டாருக்கு நன்றிமடல் வரைய விரும்புவோர் மருத்துவமனை வழியே வரையலாம் என்றும், யார் என்று அறியத்தக்க குறிப்பேதும் அதில் இருத்தலாகாது என்றும் சொல்லப்பட்டது. நாவேந்தர் முற்பகுதியை மட்டும் செவிமடுத்தார். அவர் மொழிய அவள் அடித்தாள், பன்னிரண்டு தாள். தம் பிறப்பில் தொடங்கிப் பட்டங்கள் வழியே நடந்தது மடல்.

"அக்கா, நெஞ்சைத்தான மாத்தினாங்க, வாயில கை வைக்கலியே" என்று அவள் தம்பி நொந்துகொண்டான்.

மருத்துவமனையில் மடல்களைப் படித்தனுப்பும் பெண் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "ஐயா, உங்க பட்டம், பேசின மேடை, மாலை போட்டவங்க எல்லாம் இதுல இருக்கு. இதைப் படிச்சா தெருவுல போற குழந்தைகூட உங்களைக் காட்டிரும். அப்புறம், நன்றிங்கிற சொல்லே பதினோராவது பக்கத்துலதான் வருது."

"அதுவரைக்கும் சூழல் அமைக்கணும்லம்மா."

"அவங்க வீட்டுல அந்தச் சூழல் ஏற்கெனவே இருக்குங்க ஐயா."

அப்பெண் சென்றபின், நாவேந்தர் செங்கோல் ஏந்துவதுபோற் செம்மை எழுதுகோல் ஏந்தி, மடலினின்று தம்மைத்தாமே அடித்து நீக்கலானார். பட்டம் போயிற்று; மேடை போயிற்று; மாலைகள் உதிர்ந்தன. இறுதியில் எஞ்சியவை ஓர் 'ஆகவே', இரண்டு 'எனினும்', துணைக்கு ஒரு வியப்புக்குறி. நெடுநேரம் அவற்றை நோக்கியிருந்தவர், "நீயே எழுதிரும்மா" என்று சொல்லிக் கீழே நடைபயிலப் போனார். வாழ்நாளில் அவர் பிறர்க்கு விட்டுக்கொடுத்த முதல் மேடை அதுவே.

அம்மேடையில்தான் அவள் திகைத்திருந்தாள். பின்னர் விரல்கள் தாமே நகர்ந்தன.

'நீங்கள் தந்த நெஞ்சம் என் கணவரிடம் நலமாக இருக்கிறது. நாள்தோறும் இருபத்தொரு படி ஏறுகிறது. வேளை தவறாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம், நன்றி. மழை பெய்தபோதெல்லாம் நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை மன்னியுங்கள்.'

படியேறி வந்த கணவர் அவள் தோளுக்குப் பின்னே நின்று படித்தார். அவள் தாளை மறைக்கவில்லை. ஒரு முன்னுரை வரும் என எதிர்பார்த்தாள், வரவில்லை. அவர் மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

"அப்பல்லாம் நான் வானொலியும் கையுமா இருந்தேனே, எதுக்குன்னு நெனச்ச?"

"உங்க பேச்சை மறுபடியும் போடுவாங்கன்னு."

"வானிலை அறிக்கைக்கு." அவர் தம் கைகளை நோக்கியபடி சொன்னார். "மழை வரும்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

ஒருவர்க்கொருவர் ஒளித்தது ஒன்றே என்றறிந்த இருவரும், இருளில் ஒருவர் கையை ஒருவர் தீண்டியவர்போல் இருந்தனர்.

"அந்த வரி இருக்கட்டும்மா. என்னையும் சேர்த்துப் போடு. நல்லவங்க, மன்னிச்சிருவாங்க" என்றார் அவர்.

அவள் தாளைப் பொறியினின்று உருவினாள். "மன்னிப்பு கேக்கிறதும் கேக்கிறதுதானங்க. அவங்ககிட்ட வாங்கினது போதும்."

புதுத்தாள் சுற்றி, முதல் மூன்று வரிகளை மட்டும் மீண்டும் அடித்து, கையொப்பமின்றி உறையிலிட்டாள். எஞ்சிய இரண்டு வரிகளோடு பழைய தாளை மடித்து அவர் மருந்துப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். அவை தங்கள் வீட்டிலேயே தங்க வேண்டியவை.

அப்போது மழை மீண்டும் இறங்கிற்று. அழைப்பார் எவருமின்றி இருவரும் எழுந்து சாளரத்தருகே நின்றனர். வளைவில் ஓர் ஊர்தி வந்தது, விளக்கு நடுங்கிற்று, சக்கரம் ஒரு சாண் வழுக்கி மீண்டது. ஆயிரவர் அவையில் ஒலிபெருக்கி வேண்டாதவர், கண்ணாடியில் நெற்றி பதித்து, எவர்க்கும் கேளாத குரலில், "மெதுவா போப்பா" என்றார். அவர் ஆற்றிய உரைகளுள் மிகக் குறுகியது அது, முன்னுரை அற்றது, கைதட்டல் வேண்டாதது.

அவள் அவர் மார்பில் கை வைத்தாள். படியேறி முடித்து எவ்வளவோ நேரமாயிற்று. உள்ளே அந்த ஓட்டம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. பெற்ற உயிரை மகிழ்ந்து வாழ்தல் எளிதென்பார் பெறாதவர். பெற்றவரோ, நனையும் சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் வீடு சேரும்வரை, விழித்திருந்தே அதனை வாழ்கின்றனர்.