ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பேத்தி

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியாது. எங்கேயோ இருக்கிற, கண்ணால்கூடக் காணாத பிள்ளைக்கு மட்டும் மாதம் தவறாமல் பணம் அனுப்பத் தெரியும். பெரிய கொத்தனார் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவார். சொல்லும்போது கண் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் இருக்கும். அங்கே ஒரு சிறுமியின் போட்டோ. கிறிஸ்தவ சபை நடத்துகிற ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளை. செலவை ஏற்றுக்கொண்டவள் மருமகள்.

"துணிக்கடை விளம்பரத்துக்கு எடுத்த படம்மா இது. இப்படி ஒரு புள்ளையே இருக்காது."

"நேர்ல போய்ப் பாருங்க மாமா. ஞாயித்துக்கிழமை யாரு வேணா போகலாம்."

"போறேன். புள்ள இல்லேன்னா அடுத்த மாசமே நிறுத்திடணும்."

"நிறுத்திடறேன். இருந்துட்டா?"

பெரியவர் கை கழுவ எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டோவைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். எங்காவது பொக்கென்று சத்தம் வந்தால் இவர்களுடைய யோக்கியதை தெரிந்துவிடும். பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது. அதுவே அவருக்கு எரிச்சல்.

வார்டன் அம்மா சிறுமியைக் கூட்டிவந்து நிறுத்தினார். பெரியவர் போட்டோவை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"படத்துல முன்பல்லு ரெண்டும் இருக்கு. உனக்கு இல்லையே."

"விழுந்திருச்சு," என்றாள் அவள். "ஆன்ட்டி அனுப்பின படத்துல நீங்க சிரிக்கிறீங்க. இப்ப சிரிக்கவே இல்லையே. நீங்க நெஜமாவே அந்தத் தாத்தாதானா?"

மருமகள் குடும்பப் படத்தை அனுப்பியிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விசாரிக்க வந்தவரை நிற்க வைத்து விசாரணை நடந்தது.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"அது உனக்கு யாரு சொன்னா?"

"ஆன்ட்டிதான். தினம் அதுக்குத்தானே ஜெபம் பண்றேன்."

வார்டன் அம்மா சங்கடத்தோடு விளக்கினார். தன்னைத் தாங்குகிற குடும்பத்தின் நோய்நொடிக்காக ஒவ்வொரு பிள்ளையும் சாப்பாட்டுக்கு முன் வாய்விட்டு ஜெபிப்பது இங்கே வழக்கம். குணமானால் எல்லோரும் கைதட்டுவார்கள். பிள்ளைகள் அதைப் பந்தயமாகவே ஆக்கிவிட்டார்கள்.

"பக்கத்துக் கட்டில்காரிக்கு அவ மாமாவோட இருமல் ஒரே வாரத்துல போயிருச்சு. அப்புறம் பாட்டிக்குச் சர்க்கரையும் எறங்கிருச்சு. உங்க முட்டிதான் தாத்தா இழுத்துக்கிட்டே கெடக்கு. மாத்திரையாவது ஒழுங்கா போடறீங்களா?"

"எதுக்கு? மருந்துக்கடைக்காரன் சுண்ணாம்பத்தான் உருட்டி விக்கிறான்."

"அப்ப நான் ஒருத்தியே தனியா என்னதான் பண்றது?"

பக்கத்துக் கட்டில்காரி வாசலில் கைகட்டி நின்றிருந்தாள். "இவளுக்கு ஜெபிக்கவே தெரியாது. தாத்தா நொண்டிக்கிட்டேதான் வந்தாரு, நான் பார்த்தேன்."

சிறுமி பல் இல்லாத இடத்தில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "பஸ்ல உக்காந்து கால் மரத்துப்போச்சு, அவ்ளோதான். வலி போயி நாளாச்சு."

"அப்ப நடந்து காட்டுங்க," என்றாள் மற்றவள்.

நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல இருந்தது. பின்னால் கைதட்டல் கிளம்பியது. எல்லாருடைய தட்டலையும் தாண்டி ஒரு ஜோடிக் கை மட்டும் ஓயாமல் தட்டியது.

வாசலில் வார்டன் அம்மா மெல்லக் கேட்டார், "இப்ப நம்பிக்கை வந்துச்சாங்க?"

"புள்ள இருக்கு. அதை ஒத்துக்கிறேன். மத்ததெல்லாம் ஏமாத்து வேலை."

தெருவுக்கு வந்ததும் மதில் மறைவில் நொண்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். மதிலோ இடுப்பளவுதான் இருந்தது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலைகள். கட்டினவனைக் கஞ்சப்பய என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, பெரிய கொத்தனார் தெருக்கோடி வரைக்கும் நிமிர்ந்து நடந்தார்.