இன்னும் மூலை திரும்ப வரவில்லை

அவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணம் முறிந்த பிறகு, மகளை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் சில வாரங்கள் அப்பாவும் மகளும் பூங்காவில் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மகளே கேட்டாள், ஸ்கேட்டிங் போகலாமா என்று. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் அந்தக் கூடம் இருந்தது. முன்பு கார் நிறுத்திய இடம். தூண்களுக்கு மெத்தை சுற்றி, தரையை வழவழவென்று இழைத்து, ஓரமெங்கும் இடுப்பளவுக்குத் தடுப்பு வைத்திருந்தார்கள். வாசலில் சக்கரக் காலணிகளை வாடகைக்குத் தருகிற பெண்மணியை வருகிறவர்கள் எல்லோரும் சக்கர அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மகள் முதலில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தாள். சீக்கிரமே கையை விட்டாள். தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள்.

"அப்பா, நீங்களும் வாங்க. எல்லா அப்பாவும் வர்றாங்க."

எல்லா அப்பாவும் வரவில்லை; இரண்டு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அவள் கண்ணெதிரே எத்தனையோ விஷயத்தில் தோற்றாயிற்று, இனி விழுந்து வேறு காட்ட வேண்டுமா என்றிருந்தது.

காலைப் பணிக்கும் மாலைப் பணிக்கும் இடையே அவருக்குப் பகலில் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் தனியாகப் போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கூடம் காலியாகக் கிடக்கும். சக்கர அக்கா இருப்பதிலேயே பெரிய காலணியைத் தேடிக் கொடுத்து, முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு மாட்டிவிட்டு, முதலில் விழக் கற்றுக்கொள்ளச் சொன்னார். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் தொடை படும்படி விழ வேண்டும். விரல்களை மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறிவிடும். பிறகு நிற்பது. குதிகால்கள் சேர்ந்து, பாதங்கள் வாத்துக்குப் போல விரிந்திருக்க வேண்டும். பின்னால் உதைக்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். காலைப் பார்க்கவே கூடாது.

எல்லாம் ஓரளவு வந்தது. வலது கால்தான் வில்லங்கம் செய்தது. பயம் வந்தால் அது தானாக அழுத்தும். இத்தனை வருட ஓட்டுநர் கால் வேறென்ன செய்யும்? காலணியின் முனையில் ரப்பர் கட்டை ஒன்று இருந்தது. வேகத்தில் அதை ஊன்றினால் காலணி நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். முகம் தரையில் படும்படி விழுந்து எழுந்தவர், இது பிரேக் இல்லையா என்று கேட்டார்.

"மெதுவா போறப்போதான் அது பிரேக் சார். வேகமா போறப்போ அது எமன்."

அவரைத் தேற்றுவதற்காக அந்த அம்மாள் ஒரு கதை சொன்னார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், கருவிகள் செய்கிற ஒருவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குள் உருண்டு வந்தாராம். போகத் தெரிந்ததே தவிர நிற்கத் தெரியவில்லை. நேரே போய் ஆளுயரக் கண்ணாடியில் மோதினாராம். கண்ணாடி போயிற்று, வயலின் போயிற்று, அவருக்கும் நல்ல அடி. சாய்ந்த பக்கம் திரும்புகிற நாலு சக்கரக் காலணி வர அதற்கப்புறம் நூறு வருடம் ஆயிற்றாம். அது வந்த பிறகுதான் ஜனங்கள் ஆசைப்பட்டு ஆட ஆரம்பித்தார்கள்.

ஓட்டுநர் தரையில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் சிரித்தார். மகளிடம் சொன்னால் அவளும் சிரிப்பாள். ஆனால் எங்கே கேட்டீர்கள் என்பாளே. சொல்லவில்லை.

நிற்பதற்கும் வழி பிடிபட்டது. பின்னங்காலைக் குறுக்காக வைத்துத் தரையில் தேய்த்தால் போதும். நேராகப் போவார், நிற்பார். மூலையில் திரும்புவதுதான் வரவில்லை. உள்பக்கம் சாய்ந்து, வெளிக்காலைத் தூக்கி உள்காலுக்கு மேலாகப் போட வேண்டும். தூக்கும்போதே சமநிலை தவறிவிடும். மகளோ அதற்குள் பின்பக்கமாகவே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தால் பாரமாக இல்லாமல் கூடவே திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரம் என்றார்.

ஒரு ஞாயிறு அவள் கேட்கவில்லை. அன்று மாலை பேருந்தைச் சிக்னலில் நிறுத்தியிருந்தபோதுதான் அது அவருக்கு உறைத்தது. பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகே வண்டியை எடுத்தார்.

மூலை ஒரு மத்தியானம் திடீரென்று வந்துவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடுமாறாமல் திரும்பினார். சக்கர அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து கைதட்டினார். அந்த ஞாயிறு, சொந்தமாக வாங்கிய காப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு வெகு சீக்கிரமே போய்க் காத்திருந்தார்.

மகளைக் கொண்டுவந்து விட்ட அம்மா, அவரைத் தனியே கூப்பிட்டாள். அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்பவள். வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் கிளம்புகிறார்கள். இனிப் பள்ளி விடுமுறையில்தான் பார்க்க முடியும், மற்றதை வக்கீல் பேசுவார் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது பேசியிருப்பார். சரி என்றார்.

மகள் இன்றைக்கு ஸ்கேட்டிங் வேண்டாம் என்றாள். சும்மா சுற்றிச் சுற்றி வருவது போரடிக்கிறதாம். அப்படியானால் அப்பாவைப் பார் என்று அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, காலணி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நன்றாகத்தான் ஓட்டினார். மூலையில் சாய்ந்து, காலை மாற்றிப் போட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்னொரு சுற்று வந்தார். இந்த முறை பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தாள்.

தடுப்பருகே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"எப்பப்பா கத்துக்கிட்டீங்க?"

"ரொம்ப நாளாவே வந்துட்டிருக்கேன் கண்ணு."

"அப்புறம் ஏன் என்கூட வரல?"

"மூலை திரும்ப வரல. உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்."

அவள் செருப்பு வாரை மறுபடி இழுத்து மாட்டினாள். பிறகு, "தடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தாலே போதும்பா" என்றாள்.

ஒரே ஒரு சுற்று கையைப் பிடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அவள் கால் வலிக்கிறது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தபடி நேரம் போக்கினார்கள்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் ஞாயிறு காலையானால் அவர் கால் அங்கேதான் போயிற்று. அது பிள்ளைகளுக்கான நேரம். அவர்களுக்கு நடுவே, வளர்ந்த ஆள் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நாள், விழுந்த சிறுமி ஒருத்தியைக் கைபிடித்துத் தூக்கிவிட்டு, முழங்காலை மடக்கி நில்லும்மா என்று சொல்லிக்கொடுத்தார். அவளுடைய அம்மா ஓடிவந்து பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் சக்கர அக்கா காலணியை எடுத்துக் கொடுக்கவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கூட பிள்ளை இல்லாத பெரியவங்களை இந்த நேரத்துல விட வேணாம்னு சொல்லிட்டாங்க. நாலஞ்சு பேர் புகார் பண்ணியிருக்காங்க."

"என் பொண்ணு இங்கதானே வந்துட்டிருந்தா. உங்களுக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும் சார்."

வேறு நாளில் பெரியவர்களுக்கென்று நேரம் இருக்கிறது, அதற்கு வாருங்கள் என்று பரிவாகத்தான் சொன்னார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் படியேறினார். பின்னால் சக்கரங்களின் இரைச்சலும், பிள்ளைகள் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

வெளியே நல்ல வெயில். மாலைப் பணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தார். வந்த பேருந்து எதிலும் ஏறவில்லை.