மூன்றாவது குச்சி

மொட்டையண்ணன் எறிந்த முதல் குச்சி என் முதுகில் பட்டபோது நான் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை. அதற்கு முன்பே, அன்று காலையிலிருந்து அவர் ஐந்து முறை சும்மா எறிந்திருந்தார். ஐந்து முறையும் நான் பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை நோக்கி ஓடினேன். ஐந்து முறையும் அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தார். காதுமூடி போட்டிருந்ததால் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. குலுங்குகிற தொப்பையும் தெரிகிற பல்லும் மட்டும்தான். சத்தமில்லாத சிரிப்பைப் போல எரிச்சல் மூட்டுவது வேறொன்றுமில்லை.

நாங்கள் நாலு பேர். ஒரு பெரிய அலுவலக வளாகத்தின் புல்தரையும் வேலியும் மரங்களும் எங்கள் பொறுப்பு. என் அக்கா புருஷன்தான் ஒப்பந்தக்காரர். மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவன் ஒல்லி. கழித்த கிளைகளை அரவை இயந்திரத்தின் வாயில் கொடுப்பவர் மொட்டையண்ணன். இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு நான், பொத்தான்காரன். இயந்திரத்தின் வாயைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம் உண்டு. மனித உடம்பு அதில் இடித்தால் கிளையை உள்ளே இழுக்கும் உருளைகள் உடனே நின்றுவிடும். கிளை இடித்தாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. பத்து நிமிடத்தில் நாலு முறை நிற்கும். பொறுத்துப் பார்த்த அத்தான், ஒருநாள் அதைக் கட்டுக்கம்பியால் அசையாமல் இறுக்கிவிட்டார். அதற்குப் பிறகு சட்டம் செய்த வேலையை ஓர் ஆள் செய்ய வேண்டியிருந்தது. மொட்டையண்ணனின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பொத்தானருகே நிற்பது. ஆனால் ஓர் ஆள் சும்மா நிற்பதைப் பார்த்தால் அத்தானுக்கு வயிறு எரியும். "கண்ணு அங்க இருக்கட்டும் மாப்ள, கை இங்க கிளையை இழுத்துப் போடட்டும்" என்றார். என் கண் கைக்குப் பின்னால்தான் போனது. நாளில் பாதி நேரம் நான் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்காக வந்ததுதான் குச்சி வழக்கம். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. முதுகில் ஒரு குச்சி விழுந்தால் வா என்று அர்த்தம். இரண்டு விழுந்தால் நிறுத்து. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை. தானாக வந்தது. தானாகவே விளையாட்டாகவும் ஆனது.

அன்று வெட்டியது ஒரு தூங்குமூஞ்சி மரம். கார் கொட்டகை மேல் சாய்ந்திருந்தது. குழுவில் என் பட்டப்பெயரும் தூங்குமூஞ்சிதான். முன்பு கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டு, பாதியில் ஓடி வந்தவன் நான். பகலில் கண் சொருகும்.

"டேய் தூங்குமூஞ்சி, உன் சொந்தக்காரனை வெட்டப் போறோம். வந்து கும்பிட்டுக்கோ" என்றார் மொட்டையண்ணன்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே."

"சும்மாதான் இருக்கேன். அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நீ எப்படி இருக்கியோ, அப்படி."

மரத்தின் மேலிருந்து ஒல்லி விழுந்து விழுந்து சிரித்தான். நான் காதுமூடியை இழுத்து மாட்டிக்கொண்டேன். மொட்டையண்ணனின் மண்டையில் ஒரு கட்டையால் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அப்படி யோசித்தேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

பத்தேகால் இருக்கும். அடிமரத்துக் கட்டைகள் தடிமனாக வந்ததால் உருளைகளை மெதுவாக வைத்திருந்தோம். நான் குனிந்து ஒரு கவட்டைக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் குச்சி விழுந்தது. எறிந்து விளையாடு, எனக்கென்ன என்று நினைத்தேன். இரண்டாவது விழுந்தது. பல்லைக் கடித்தேன். மூன்றாவது பின்கழுத்தில், தோல் கிழிகிற மாதிரி வந்து அடித்தது. அப்போதும் திரும்பவில்லை. இவ்வளவு பலமாக எறிகிறாரே, எத்தனை கொழுப்பு என்றுதான் தோன்றியது. பிறகு இயந்திரத்தின் சத்தம் மாறியது. காய்ந்த கட்டை கடகடக்கும். பச்சைக் கட்டை முனகும். இரண்டும் இல்லாத ஒரு சத்தம் காதுமூடியைத் தாண்டி வந்தது.

திரும்பினேன். மொட்டையண்ணனின் வலது கையுறையின் நீண்ட விளிம்பு ஒரு கவட்டையில் மாட்டியிருந்தது. வலது காலை இயந்திரத்தின் தட்டில் உதைத்து ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்துப் பிடித்திருக்கிறார். இழுபறியில் முழங்கால் இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டிய சட்டம் அசையவில்லை. மீதியிருந்த இடது கையால், எட்டிய குச்சியையெல்லாம் எடுத்து எறிந்திருக்கிறார். நான் பொத்தானை அடித்தபோது முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. உருளையைப் பின்னோக்கிச் சுற்றியதும் அவர் மல்லாந்து விழுந்தார். இயந்திரத்தின் மறுபக்கம், தூள் கொட்டும் குவியலில் ஒரு பகுதி மட்டும் சிவந்து, அதிலிருந்து ஆவி பறந்தது.

ஒல்லி மரத்திலிருந்து குதித்தான். தன் இடுப்பு பெல்ட்டை உருவி அவர் புஜத்தில் முறுக்கினான். நான் அவர் தோளில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அத்தான் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். ஓடி வந்தவர் எங்களிடம் வரவில்லை. கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து, சட்டத்தில் கட்டியிருந்த கம்பியை வெட்டினார். முதலில் அதைத்தான் செய்தார். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

மறுநாள் வளாகத்தின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண். அவர் வருகிறார் என்று அத்தான் ஒன்றரை வருடமாகப் பெட்டியில் கிடந்த தலைக்கவசங்களை எடுத்து ஆளுக்கொன்று மாட்டிவிட்டிருந்தார். என்னுடையதில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அறிக்கையை அத்தானே எழுதி வைத்திருந்தார். பொத்தானருகே நின்றவன் என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால், நடந்தது மொட்டையண்ணனின் கவனக்குறைவு. அவர் ஒரு கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதோடு கதை முடிந்தது.

அதிகாரி நின்றபடியே வாசித்தார். "எச்சரித்தும் கேட்காமல் தானே கையை உள்ளே விட்டார்..." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் எச்சரிச்சீங்களா?"

"ஆமா மேடம், இவன்தான்" என்றார் அத்தான்.

"அவரைக் கேக்குறேன்."

"நான் இல்ல மேடம். அவருதான் எச்சரிச்சாரு. மூணு தடவ."

"புரியலையே."

குச்சி வழக்கத்தைச் சொன்னேன். சட்டம் கட்டியிருந்ததைச் சொன்னேன். மூன்று குச்சியும் என்மேல் பட்டது, தெரிந்தேதான் திரும்பவில்லை என்றும் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைத் திறந்து பிடித்தபடியே இருந்தார். அவருடைய படிவத்தில் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் ஒரு வரி எழுதத்தான் இடமிருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க கையாலயே எழுதுங்க. இது போலீஸுக்கும் போகும், தெரியும்ல?"

எழுதினேன்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அத்தான் என்னைக் கருவிக் கொட்டகைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். தன் தலைக்கவசத்தைக் கழற்றி அதாலேயே என் வாயில் அடித்தார். ஒரு பல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. "உங்க அக்காவை நெனச்சியாடா? கொழந்தைங்களை நெனச்சியா? சோறு போட்ட கையைக் கடிக்கிறியேடா நாயே!" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. நாலாவது அடிக்கு நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். புல்வெட்டி இயந்திரத்தின் மேல் அவரை மல்லாத்தி, இரண்டு கட்டைவிரலையும் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினேன். என் வாய் ரத்தம் அவர் கன்னத்தில் சொட்டியது. முகம் கறுத்தது. அவருடைய கை என் முதுகைத் தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு விட்டுவிட்டேன். நல்ல மனசால் இல்லை. விரல் வலித்தது.

அக்காவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. என் துணிப்பை வாசற்படியில் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

ஒல்லியின் அறையில் படுத்துக்கொண்டேன். ஆறாம் நாள் அவன்தான் சொன்னான். "ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து கேட்டாங்களாம்டா. எப்படி ஆச்சுன்னே தெரியலைன்னுட்டாராம். உன் பேரை அவரு எடுக்கவே இல்ல."

"நான் எழுதிக் குடுத்தது அவருக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

மறுநாள் மதியம் அவரைப் பார்க்கப் போனேன். எட்டுக் கட்டில் போட்ட நீளமான அறை. அவருடையது கடைசி. அண்ணி ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன். அவர் என் உடைந்த வாயைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். ஒரு வாரத்தில் முகம் பாதியாகியிருந்தது. வலது கை பெரிய வெள்ளைக் கட்டோடு முழங்கையிலேயே முடிந்து போயிருந்தது.

"அண்ணே" என்றேன்.

இடது கையால் பக்கத்து மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து எறிந்தார். என் நெஞ்சில் பட்டு, தண்ணீர் சிதறி, கட்டிலுக்கடியில் உருண்டது. அடுத்தது மாத்திரை டப்பா. அது காதருகே போய்ச் சுவரில் அடித்துத் தெறித்தது. அடுத்தது சீப்பு. அடுத்தது சாப்பாட்டுத் தூக்கின் மூடி, விளிம்பு புருவத்தில் வெட்டியது. இடது கைக்கு இன்னும் குறி பழகவில்லை. பாதி தவறிப்போனது. தவறும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் பலமாக எறிந்தார். நான் நகரவில்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. துடைக்கவில்லை. மேசை காலியானது. அவர் கை வெறும் பலகையைத் துழாவியது.

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. குனிந்து கட்டிலுக்கடியில் கைவிட்டு டம்ளரை எடுத்தாள். டப்பாவை எடுத்தாள். என் காலருகே கிடந்த மூடியையும் சீப்பையும் எடுத்தாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.